குப்பத்துப் பழைய பதிவேடுகளில் முன்னோரைத் தேடுதல்

சில ஆண்டுகளுக்கு முன் எம் தந்தையாரை அழைத்துக்கொண்டு டில்லியிலிருந்து கயைக்குச் சென்றிருந்தோம். பல்கு நதிக்கரையில் பிண்டம் இடும் வேளையில் புரோகிதர் முன்னோர் பெயர்களைக் கேட்டார். தந்தை, பாட்டனார், முப்பாட்டனார் என மூவர் பெயரும் தடையின்றி வந்தன. அடுத்துப் பெண்டிர் பெயர்களைக் கேட்டார். தாயின் பெயரைச் சொன்ன தந்தையார், பாட்டியின் பெயரைக் கேட்டதும் திகைத்து நின்றுவிட்டார். "ஆயா என்றுதான் எல்லோரும் சொல்லுவார்கள்" என்றார். இப்படித் திகைப்போரைப் பலமுறை கண்ட புரோகிதர், பொதுப்பெயர் ஒன்றைச் சொல்லிச் சடங்கை நடத்தி முடித்தார். சாஸ்திரப்படி குறையொன்றும் இல்லையாம். ஆயினும் எண்பது வயதைக் கடந்த எம் தந்தையார் ரயிலில் திரும்பும்போது ஒரு வார்த்தையும் பேசவில்லை. மொகல்சராய் தாண்டியபின், "என் பெயர்தான் என் பாட்டனார் பெயர். அதனால் அது மறக்கவில்லை. அவள் பெயரை யாருக்கும் வைக்கவில்லை" என்றார்.

எம் குடும்பம் குப்பத்தை அடுத்த சிற்றூர் ஒன்றைச் சேர்ந்தது. பாட்டனார் இளவயதிலேயே கோலார் தங்கவயலுக்குப் போனார். தந்தையார் அங்கே பிறந்து, உத்தியோகத்தின் பொருட்டு வடக்கே வந்தார். இருமுறை இடம் பெயர்ந்த எம் குடும்பத்தில் ஊர்ப்பெயரும் ஒரு பழம்பகையும் மட்டுமே எஞ்சின. பங்காளி ஒருவர் எம் நிலத்தை ஏமாற்றி எழுதி வாங்கிக்கொண்டார், அதனாலேயே சுரங்கத்துக்குப் போக நேர்ந்தது என்பது வீட்டில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வந்த கதை. அந்தப் பங்காளியின் பெயரை எம் வீட்டுச் சிறுவர்களும் அறிவார்கள்.

டில்லியில் எம் அண்டை வீட்டாரான பஞ்சாபிக் குடும்பத்தாருக்கு இந்தக் கவலை இல்லை. ஹரித்துவாரத்துப் பண்டாக்கள் குலவாரியாகவும் ஊர்வாரியாகவும் நீண்ட ஏடுகள் வைத்திருக்கிறார்கள். யாத்திரை செல்வோர் தம் குடும்பத்தின் பிறப்பு, இறப்பு, மணம் ஆகியவற்றை அதில் எழுதி வருவது வழக்கம். ஆறேழு தலைமுறைகளை ஒரு பிற்பகலில் கண்டு வருகிறார்கள். தென்னாட்டுக் குடியானவர்களான நமக்கு அத்தகைய ஏடு இல்லை. எனவே சர்க்கார் காகிதங்களை நாடவேண்டியதாயிற்று. அவற்றில் எது பயன்படும், எது பயன்படாது என்பதை அலைந்து அறிந்தோம். வெளிமாநிலங்களில் வாழும் தமிழன்பர்கள் பலருக்கும் இத்தேட்டம் உண்டு என்பதால் இங்கே கூறுகின்றோம்.

முதலில் எவரும் சொல்வது, "மக்கள் தொகைக் கணக்கில் இருக்குமே!" என்பது. இங்கிலாந்தில் இருக்கிறது. அங்கே 1841 முதல் எடுத்த கணக்குகளில் வீடுவாரியாகப் பெயர், வயது, தொழில் எல்லாம் எழுதிய ஏடுகளையே காத்து வைத்து, நூறாண்டு சென்றபின் பொதுமக்களுக்குத் திறந்து விடுகிறார்கள். 1921-ஆம் ஆண்டுக் கணக்கு 2022-இல் திறக்கப்பட்டது. அடுத்த 1931-ஆம் ஆண்டு ஏடுகள் 1942-இல் தீக்கிரையாயின. அவ்வாறே 1858 முதல் அந்நாட்டு நீதிமன்றங்களில் நிரூபணமான உயில்கள் அனைத்துக்கும் ஆண்டுவாரியான அச்சுப் பட்டியல் உண்டு. இவ்விரண்டையும் கொண்டு ஒரு சாதாரணத் தச்சரின் பேரன்கூடத் தன் வம்சத்தை வரைந்துவிடுகிறான்.

நம் நாட்டில் நிலைமை வேறு. 1871-இல் சென்னை மாகாணத்தில் கணக்கெடுத்தார்கள். 1881 பிப்ரவரி 17 அன்று நாடு முழுவதும் ஒரே காலத்தில் கணக்கெடுக்கப்பட்டது. அதன்பின் பத்தாண்டுக்கொரு முறை நடந்து வந்தது. 2011-க்கு அடுத்து 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்புத்தான் முதன்முறையாகத் தள்ளிப்போயிற்று. கணக்கெடுத்தவர்கள் வீடு வீடாகச் சென்று பெயர் எழுதியது உண்மையே. ஆனால் தொகைகளைப் பிரித்தெடுத்து அட்டவணைகள் தயாரானபின் அந்த வீட்டு ஏடுகளைக் காத்து வைக்கவில்லை. அழித்துவிட்டார்கள். மேலும், 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, கணக்கெடுப்பு ஏடுகளைப் பார்வையிடும் உரிமை எவருக்கும் இல்லை என்றும், அவற்றை நீதிமன்றத்தில் சாட்சியமாகக் காட்டலாகாது என்றும் கூறுகிறது. மக்கள் அஞ்சாது உண்மை கூறவேண்டும் என்பதற்காக ஏற்பட்ட பாதுகாப்பு அது. அதில் நாம் குறை காணவில்லை. ஆனால் அச்சிட்ட அறிக்கையில் குப்பத்துத் தமிழர் ஓர் எண்ணாக இருக்கிறார்கள், எம் ஆயாவும் அந்த எண்ணுக்குள் ஒன்றாக இருக்கிறார், அவ்வளவே.

1951-இல் மட்டும் சற்று வேறாக நடந்தது. கணக்கெடுப்போடு சேர்த்துக் குடிமக்கள் பதிவேடு ஒன்றும் ஊர்தோறும் பெயர் சொல்லி எழுதப்பட்டது. அஸ்ஸாமில் பிற்காலத்தில் பெரிய வழக்குகளுக்கும் 2019-இல் வெளியான பட்டியலுக்கும் அடிப்படையாக நின்றது அதுவே. மற்ற இடங்களில் அதை நம்பிப் பயணம் புறப்படுமாறு நாம் எவருக்கும் சொல்லமாட்டோம்.

கணக்கெடுப்பு அறிக்கைகளால் ஒரு பயன் உண்டு. 1951 முதல் வெளிவந்த மாவட்டக் கையேடுகளில் கிராமங்களின் பெயர்ப்பட்டியல் தாலுகாவாரியாக இருக்கிறது. பாட்டனார் வாய்மொழியாகச் சொன்ன ஊர் தாயூரா, அதன் குக்கிராமமா, எந்த எல்லைக்குள் வருவது என்பதை அதில் தெளியலாம். குப்பம் போன்ற முச்சந்தி நாட்டில் இது சிறு உதவி அன்று. ஒரே பெயரில் ஆந்திரத்தில் ஓர் ஊரும், கிருஷ்ணகிரிப் பக்கத்தில் ஓர் ஊரும், கோலார்ப் பக்கத்தில் ஓர் ஊரும் இருக்கக்கூடும்.

இனி உயில்களைப் பார்ப்போம். உயில் நிரூபணம் இந்துக்களுக்கு எல்லா இடங்களிலும் கட்டாயமாக இருந்ததில்லை. 1870-ஆம் ஆண்டு இந்து உயில்கள் சட்டமும் அதன்பின் வந்த 1925-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டமும், வங்காள லெப்டினன்ட் கவர்னரின் ஆட்சிப் பகுதியிலும், சென்னை, பம்பாய் உயர்நீதிமன்றங்களின் நேரடி எல்லைக்குள்ளும் எழுதிய உயில்களுக்கும் அவ்வெல்லைகளுக்குள் உள்ள வீடு நிலங்களைப் பற்றிய உயில்களுக்குமே அதை விதித்தன. ஆகவே உங்கள் கொள்ளுப்பாட்டனாருக்குத் தங்கசாலைத் தெருவிலோ மயிலாப்பூரிலோ ஒரு வீடு இருந்திருந்தால், சென்னை உயர்நீதிமன்றத்தின் உயில் வழக்குக் கட்டுகளில் அவர் இருக்கக்கூடும். குப்பத்தில் ஐந்து காணி மேட்டு நிலம் வைத்திருந்தவர் அங்கே இருக்கமாட்டார்.

ஆனால் ஊர்ப்புறத்து உயில்கள் வேறோரிடத்தில் கிடக்கின்றன. பத்திரப் பதிவு நம் நாட்டில் 1864-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழுங்குபட்டது. இன்றுள்ளது 1908-ஆம் ஆண்டுச் சட்டம். அதன்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் 1-ஆம் புத்தகம் நிலம், வீடு பற்றிய பத்திரங்களுக்கும், 3-ஆம் புத்தகம் உயில்களுக்கும் சுவீகார அதிகாரப் பத்திரங்களுக்கும் உரியவை. முதற் புத்தகத்தைக் கட்டணம் செலுத்தி எவரும் பார்க்கலாம். மூன்றாம் புத்தகத்து நகல், எழுதியவர் உயிரோடுள்ளவரை அவருக்கோ அவருடைய முகவருக்கோ மட்டுமே கிடைக்கும். அவர் இறந்தபின் கேட்பவர் எவருக்கும் கொடுக்கலாம் என்று 57-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. இதை அறியாமல் பலர் அலுவலக வாசலோடு திரும்பிவிடுகிறார்கள். கணவன் மனைவிக்குச் சுவீகார அதிகாரம் கொடுத்த பத்திரங்கள் இருப்பதால், பெண்களின் பெயரைத் தேடுவோர் அப்புத்தகத்தை விட்டுவிடலாகாது.

அக்காலப் பத்திரம் ஒன்றில் எழுதிக்கொடுப்பவரின் தந்தை பெயர், ஜாதி, தொழில், குடியிருக்கும் ஊர், கடன்பட்ட காரணம், நிலம் வந்த வழி ஆகிய யாவும் இருக்கும். நான்கெல்லை எழுதும்போது கிழக்கே இன்னார் நிலம், மேற்கே இன்னார் நிலம் என்று வருமே, அந்த இன்னார்கள் பெரும்பாலும் சிற்றப்பன், பெரியப்பன் மக்களாக இருப்பார்கள். ஒரு பத்திரம் கிடைத்தால் ஒரு வம்சத்தின் பாதி கிடைத்தமாதிரி.

எந்த அலுவலகத்துக்குப் போவது என்பதற்கு ஊரின் ஆட்சி வரலாறு தெரியவேண்டும். குப்பம் பழைய கங்குந்தி ஜமீனின் தலைமையூர். 1911 வரை அது வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் சித்தூர் மாவட்டம் பிறந்தபோது அதில் சேர்ந்தது. 1953 அக்டோபரில் ஆந்திர மாநிலத்துக்குப் போயிற்று. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தபோது குப்பம் சித்தூரிலேயே நின்றது. ஆகவே 1911-க்கு முந்திய மாவட்டக் கடிதங்களைத் தேடுவோர் சென்னை எழும்பூரில் உள்ள ஆவணக் காப்பகத்தையும் நினைவில் வைக்கவேண்டும். வட ஆற்காட்டைப் பற்றி ஆர்தர் காக்ஸ் எழுதி 1881-இல் வெளியிட்டு, பின்னர் 1895-இல் ஹெச். ஏ. ஸ்டூவர்ட் திருத்திய மாவட்ட நூலையும் ஒருமுறை புரட்டுவது நல்லது.

ஜமீன் ஊர் என்பது மற்றொரு சிக்கல். ரயத்துவாரி ஊர்களில் சர்க்காரே குடியானவனுக்குப் பட்டா கொடுத்து, நிலவாரியாகப் பெயர்ப் பதிவேடு வைத்திருந்தது. ஜமீனில் பட்டா கொடுத்தவர் ஜமீன்தார். கணக்கு அவர் கச்சேரியில் இருந்தது. 1948-ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின்னரே அவ்வூர்களுக்கு முறையான சர்க்கார் நிலவரித்திட்டப் பதிவேடு உண்டாயிற்று. எனவே ஜமீன் ஊரில் அதற்கு முந்திய தலைமுறையைக் காணப் பதிவலுவலகமே கதி. விலக்கு ஒன்று உண்டு. கோயில் ஊழியம், கிராம ஊழியம் முதலியவற்றுக்காக மானியம் அனுபவித்த குடும்பமாயின், 1858-இல் தொடங்கிய இனாம் கமிஷனின் பதிவேடுகளைப் பார்க்கலாம். அனுபவிப்பவரின் பெயரும் வயதும், முதலில் மானியம் பெற்றவரின் பெயரும், இருவருக்கும் உள்ள உறவும் அவற்றில் குறித்திருக்கும். அதைப்போல் நேராக வம்சம் சொல்லும் சர்க்கார் ஏடு வேறில்லை என்பது எம் கருத்து.

நிலமே இல்லாதவர் என்ன செய்வார்? உள்நாட்டில் அவருக்கு ஏடு மிகக் குறைவு. பிறப்பு இறப்புப் பதிவுக்கு 1899-இல் சென்னை மாகாணச் சட்டம் வந்தது. ஆயினும் பழைய ஊர்ப்பதிவுகளில் பெரும்பாலும் 'ஆண் குழந்தை', 'பெண் குழந்தை' என்று தகப்பன் பெயரோடு நின்றுவிடும். விந்தை என்னவென்றால், அதே கூலிக்காரர் கடல் கடந்து போயிருந்தால் அவரைப் பற்றி எல்லாம் எழுதி வைத்திருப்பார்கள். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து சென்ற 'ட்ரூரோ' என்ற கப்பல் நேட்டால் நாட்டின் டர்பன் துறையை அடைந்தது முதல் 1911 வரை, ஏறத்தாழ 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே இறங்கினார்கள். மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாகச் சென்றவர். வட ஆற்காட்டார் அவர்களில் மிகப் பலர். கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, ஊர், உடலிலுள்ள அடையாளம் வரை உண்டு. அண்ணன் கப்பலேறித் தம்பி ஊரில் தங்கியிருந்தால், தம்பியின் பேரர்கள் தம் வம்சத்தை டர்பனில் தேடவேண்டியிருக்கும்.

ஆண்டுக் குறிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். வருவாய்க் கணக்குகளில் பசலி ஆண்டு வரும். அது ஜூலை முதல் தேதி தொடங்குவது. அதனோடு 590 கூட்டினால் அது தொடங்கிய ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1310 என்பது 1900 ஜூலை முதல் 1901 ஜூன் வரை. பிரபவ, விபவ என்னும் ஆண்டுப் பெயர்களோ அறுபதாண்டுக்கொரு முறை திரும்பி வருபவை. பிரமாதீச என்று மட்டும் இருந்தால் அது 1913-ஆகவும் இருக்கலாம், 1973-ஆகவும் இருக்கலாம். தவிரவும் குப்பத்தில் தெலுங்கர் யுகாதியிலும் தமிழர் சித்திரையிலும் ஆண்டை மாற்றுவதால், இடைப்பட்ட வாரங்களில் பக்கத்து வீடுகள் இரண்டும் வெவ்வேறு வருஷத்தில் வாழும்.

பெயர்களின் தொல்லை இதைவிடப் பெரிது. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுவது நம் வழக்கம். பெயரன் என்பதே பேரன் ஆயிற்று. ஆகவே ஒரே இரண்டு பெயர்கள் தலைமுறைதோறும் மாறி மாறி வரும். எந்த மகன், எந்தத் தந்தை என்பதை ஆண்டு கொண்டே பிரிக்கவேண்டும். தெலுங்கில் எழுதிய பத்திரமாயின் தமிழ்க் குடும்பத்துக்கும் வீட்டுப்பெயர் ஒன்றை முன்னால் சேர்த்திருப்பார்கள். வடக்கே வளர்ந்த நாம் அதைத் தந்தை பெயரின் முதலெழுத்து என்று கொண்டு, ஒரு வாரம் வேறொரு குடும்பத்தின் பின்னே அலைந்தோம்.

இவ்வளவும் அறிந்தபின் குப்பத்துக்குச் சென்றோம். ஆந்திரத்தில் 1983-க்குப் பிந்திய பத்திர விவரங்கள் கணிப்பொறியில் கிடைக்கின்றன. நில அடங்கல் கணக்குகளை 'மீ பூமி' என்ற தளத்தில் பம்பாயிலிருந்தே பார்க்கலாம். அதற்கு முந்தியவற்றுக்குக் கையெழுத்து அட்டவணைகளே துணை. அட்டவணைகள் ஆண்டுவாரியாக, எழுதிக்கொடுத்தவர், எழுதிவாங்கியவர் ஆகிய இருவர் பெயரிலும் அகரவரிசைப்படி அமைந்தவை. தந்தையாருடைய பாட்டனாரின் பெயரில் 1905 முதல் 1920 வரை தேடினோம். கிடைத்த இரண்டும் வேறு ஊரார். ஓராண்டுத் தொகுதி செல்லரித்து ஏடு ஏடாக ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் விடுப்பு வீணாயிற்று என்று எண்ணினோம்.

அன்றிரவு தொலைபேசியில் தந்தையாரிடம் சொன்னபோது, "அந்தப் படுபாவியின் பெயரில் பார்த்தாயா?" என்று கேட்டார்.

மறுநாள் பங்காளியின் பெயரில் பார்த்தோம். அரைமணி நேரத்தில் கிடைத்தது. 1913-ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரம், தெலுங்கில் இருந்தது. மொழிபெயர்ப்பே எம் பிழைப்பு என்றாலும் அந்தக் கூட்டெழுத்தைப் படிக்க அலுவலகத்துக்கு வெளியே இருந்த முதிய பத்திர எழுத்தர் ஒருவரின் உதவி வேண்டியிருந்தது. எழுதிக்கொடுத்தவர், இறந்துபோன இன்னாரின் மனைவி, மைனர் மகனுக்குக் கார்டியனும் தாயாருமானவர் என்றிருந்தது. அதற்கு முன்னால் அவருடைய பெயரும், அவருடைய தகப்பனார் பெயரும், பிறந்த ஊரும் இருந்தன. விற்றது குடிவார உரிமை. காரணம், கணவர் பிராமிசரி நோட்டுகளின் பேரில் வாங்கிய கடன். கிரயத் தொகையில் பெரும்பகுதியை வாங்குபவர் நேரே கடன்காரரிடம் செலுத்தி நோட்டுகளை மீட்டுத் தரவேண்டும். மீதி மைனரின் ஜீவனத்துக்காக ரொக்கமாகப் பெற்றுக்கொள்ளப்பட்டது.

விலை நியாயமானதா என்பதைப் பத்திரம் சொல்லாது. அதே ஆண்டில் அதே ஊரில் நடந்த வேறிரண்டு கிரயங்களை ஒப்பிட்டோம். சற்றுக் குறைவு, ஆனால் கொள்ளை என்று சொல்லும்படி இல்லை. மூன்று தலைமுறையாக நாம் ஏசிவந்தவர், குறைந்தபட்சம் வெளியார் கையில் நிலம் போகாமல் வாங்கியவர் என்பது மட்டும் நிச்சயமாயிற்று. ஆயாவின் பெயரை மறந்த குடும்பம் அவர் பெயரை நினைவில் வைத்திருந்ததால்தான் இப்பத்திரமே கைக்கு வந்தது.

சான்றிட்ட நகலை டில்லியில் தந்தையாரிடம் படித்துக் காட்டினோம். பெயர் வந்த இடத்தை மூன்று முறை படிக்கச் சொன்னார். பிறகு, "அவர்கள் பிள்ளைகள் ஊரில் இருக்கிறார்களா?" என்று கேட்டார்.

பதிவுப் புத்தகத்தில் இருப்பது எழுத்தர் பார்த்தெழுதிய படி. மூலப்பத்திரம் எப்போதும் வாங்கியவர் வீட்டோடு போய்விடும். பொங்கலை ஒட்டிக் குப்பத்தில் இறங்கி, தந்தையாரோடு அந்த வீட்டுக்குச் சென்றோம். முன்கூட்டிச் சொல்லியனுப்பியிருந்தோம். அவர்கள் வீட்டிலும் ஒரு கதை வழங்கி வந்தது. ஊரை விட்டுப் போனவர்கள் கடைசிவரை ஒரு கடிதமும் போடவில்லை என்று அவர்கள் எம்மை ஏசி வந்திருக்கிறார்கள். காப்பி அருந்தியபின் அவ்வீட்டுப் பெரியவர் தகரப்பெட்டியிலிருந்து தாய்ப்பத்திரத்தை எடுத்துவந்து பாயில் விரித்தார். நான்காம் பக்கத்தின் அடியில் மை மங்கிய இடதுகைப் பெருவிரல் ரேகை ஒன்று இருந்தது. அதன் பக்கத்தில் எழுத்தர் அவர் பெயரை எழுதியிருந்தார். எம் தந்தையார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தெலுங்கு எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டி, தாமே அதைப் படித்தார்.